60க்கு 17

“ஏண்டா, அசையாம உக்காருன்னு சொல்றியே, நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று கேட்ட கையோடு அப்பத்தா வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டாள். நான் அந்த நொடியில்தான் ஷட்டரைத் திறந்திருந்தேன். திறந்த சுருக்கில் மூடிக்கொள்கிற ஷட்டர் இல்லை, நாலு செகண்ட் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஜன்னலோர வெளிச்சம், 100 ஸ்பீடு பிலிம், எஃப் 16. இப்படி வைத்தால் மூக்கு நுனியிலிருந்து பின்சுவர் வரைக்கும் பளிச்சென்று விழும் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. அப்பத்தா சும்மா இருப்பாள் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

பிலிமைக் கழுவிப் பார்த்தால் அவளுக்கு மூன்று வாய். கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பிராணிப் புகை. பின்சுவரில் தொங்கிய சிவகாசிக் காலண்டரில் முருகன் மட்டும் வேலோடு, மயிலோடு, கிழிக்காமல் விட்டிருந்த மூன்று நாள் தேதித் தாளோடு துல்லியமாக இருந்தார். மயில்கூட அசையவில்லை.

அப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் போட்டோகிராஃபி படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்க வேண்டும். ஊரெல்லாம் டிஜிட்டல் வந்துகொண்டிருந்தது. எங்கள் சார் மட்டும் பிலிமில் காசு போனால்தான் பிள்ளைகளுக்குப் புத்தி வரும் என்ற கட்சி. அந்த செமஸ்டரில் மூன்று வேலை கொடுத்தார். ஓடுகிற ஒன்றை எடு, நெடுநேரம் ஷட்டரைத் திறந்து வைத்து ஒன்றை எடு, ஒரு மனித முகத்தை எடு. ஒவ்வொன்றுக்கும் 20 மார்க். மொத்தம் 60. பாஸாக 24.

ஓடுவதற்கு மவுண்ட் ரோட்டுக்குப் போய் பஸ்ஸைப் பிடித்தேன். பேனிங் என்பார்கள். வண்டி போகிற வேகத்துக்கு நாமும் இடுப்பைத் திருப்பிக்கொண்டே அமுக்கினால், படத்தில் வண்டி நிற்கும், ஊர் ஓடும். நான் திருப்பினேன். டிரைவருக்கு என்ன அவசரமோ, ஸ்டாப்பில் நிற்காமல் அடித்துக்கொண்டு போய்விட்டார். என் படத்தில் கோடு கோடாக எல்ஐசி கட்டடமும், வலது ஓரத்தில் படிக்கட்டில் தொங்கிய யாரோ ஒருவரின் செருப்பும் இருந்தன. சிவப்பு மையில் சார் எழுதினார்: ‘பஸ் எங்கே?’ மார்க் 7.

நெடுநேரத்துக்கு மெரினா. ராத்திரி, ட்ரைபாட், ஒரு நிமிட எக்ஸ்போஷர். கூடப் படித்தவனை விளக்குக் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தி “நகர்ந்தே, கொன்னுடுவேன்” என்று சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது செகண்ட் தூண் மாதிரிதான் நின்றான். அப்புறம் சுண்டல் பையன் வந்தான். படத்தில் நண்பனின் வயிற்றுக்குள் விளக்குக் கம்பம் தெரிந்தது. ‘பேய்ப் படம் கேட்கவில்லை.’ மார்க் 6.

அப்பத்தாவுக்கு 4. ‘முருகன் நன்றாக வந்திருக்கிறார்.’

இப்போது நான் கேமராவைத் தொடுவதில்லை, எழுதிப் பிழைக்கிறேன். எழுதுகிறவனுக்குப் பழைய கணக்கைத் தோண்டும் கெட்ட புத்தி வந்துவிடுகிறது. போட்டோகிராஃபியின் பூர்வீகத்தைக் கிளறப் போனேன். போனால், நான் செய்த மூன்று குற்றங்களையும் எனக்கு முன்னாலேயே செய்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பென்ஷன், சிலை, மியூசியம். எனக்கு 17.

முதல் ஆசாமி நிசெஃபோர் நியெப்ஸ். பிரான்ஸில் ஒரு கிராமம், சொந்த வீடு, மாடியில் சொந்த ஜன்னல். அண்ணன்காரர் கிளாட், இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த ஒரு எஞ்சினை விற்கிறேன் பேர்வழி என்று இங்கிலாந்தில் உட்கார்ந்து குடும்பச் சொத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார். தம்பி ஊரில் உட்கார்ந்து தாரைக் கரைத்துக்கொண்டிருந்தார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த தகட்டில் அந்தத் தாரைத் தடவி, கேமராவுக்குள் செருகி, ஜன்னலைப் பார்க்க வைத்தார். வெளிச்சம் பட்ட இடத்தில் தார் இறுகும். படாத இடத்தை லாவெண்டர் எண்ணெய் விட்டுக் கழுவினால் போய்விடும். இது 1826 அல்லது 1827. எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தார் என்பதில் சண்டை இருக்கிறது. எட்டு மணி நேரம் என்பது பழைய கணக்கு, பல நாள் என்பது பின்னால் வந்தவர்கள் செய்துபார்த்துச் சொன்ன கணக்கு. எப்படியானாலும் அதற்குள் சூரியன் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்விட்டது. அதனால் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவரிலும் வெயில் அடிக்கிறது. எங்கள் சாராக இருந்தால் ‘சூரியன் எத்தனை?’ என்று சிவப்பில் கேட்டிருப்பார். உலகம் அதை இன்று கைவசம் இருக்கும் மிகப் பழைய கேமராப் படம் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறது.

நியெப்ஸோடு கூட்டுச் சேர்ந்தவர் லூயி டாகேர். இவர் விஞ்ஞானி இல்லை, ஷோக்காரர். பாரிஸில் டயோராமா என்று ஒரு கொட்டகை நடத்தினார். ராட்சதத் திரையில் மலையும் கோயிலும் வரைந்து, விளக்கை முன்னும் பின்னும் மாற்றிப் பகலை இரவாக்கிக் காட்டினால் டிக்கெட் வாங்கியவர்கள் வாய்பிளப்பார்கள். நியெப்ஸ் 1833இல் காலமானார். டாகேர் தாரை விட்டுவிட்டு வெள்ளிக்கு மாறினார். வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகடு, அதற்கு அயோடின் ஆவி. எடுத்த பிறகு பாதரச ஆவி காட்டினால் உருவம் எழும்பும். பாதரசத்தை மூக்கில் இழுத்துக்கொண்டே கலை வளர்த்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1838இல் ஒரு காலை நேரம் டாகேர் தன் ஜன்னல் வழியாக புலவார் து தாம்ப்ள் என்ற பெருந்தெருவை எடுத்தார். அந்தத் தெருவில் நாடகக் கொட்டகைகள் அதிகம். மேடையில் தினமும் கொலையும் கொள்ளையுமாக நடந்ததால் ஊர்க்காரர்கள் அதைக் குற்றத் தெரு என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். குதிரை வண்டி, கூடைக்காரி, வெட்டி ஆபீசர் என்று ஜேஜே என்றிருக்கும் தெரு. படத்தைப் பார்த்தால் ஈ காக்கை இல்லை. மரம் இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது, ஜன்னல் ஜன்னலாக எண்ணலாம், மனுஷன் இல்லை. தகடு சில நிமிடம் வெளிச்சம் குடிக்க வேண்டும். அதற்குள் நடந்து போனவர்கள் ஒருவர்கூடத் தகட்டில் தங்கவில்லை. அத்தனை வண்டியும் போன இடம் தெரியவில்லை.

பஸ் எங்கே, டாகேர்?

இடது கீழ் மூலையில் மட்டும் ஒருத்தர் நிற்கிறார். ஒரு காலைத் தூக்கி வைத்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். பாலிஷ் போடுகிறவர் காலடியில் மங்கலாகக் குந்தியிருக்கிறார், கை அசைந்ததால் அவர் பாதிதான் தெரிகிறார். உலகத்தில் முதன்முதலாகப் போட்டோவில் விழுந்த மனிதர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர்கள் இந்த இரண்டு பேர்தான். ராஜாவோ தளபதியோ முந்திக்கொள்ளவில்லை. ஷூ அழுக்கானதால் நின்ற ஒருவரும், அதைத் துடைத்துப் பிழைத்த ஒருவரும் முந்திக்கொண்டார்கள். பெயர் தெரியாது. காசு கொடுத்து வேலை வாங்கியவர் பளிச்சென்றும் வேலை செய்தவர் மங்கலாகவும் பதிவான வரலாற்றின் முதல் போட்டோவும் இதுதான். அதற்குப் பிறகு நிறைய வந்துவிட்டன.

1839 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சாமுவேல் மோர்ஸ், தந்திக்காரர்தான், டாகேரின் படங்களைப் பார்க்கப் போனார். அசைந்ததெல்லாம் மறைந்து, ஷூ துடைத்துக்கொண்டவர் மட்டும் தங்கிய அதிசயத்தை ஊருக்குக் கடிதமாகவே எழுதினார். வந்தவரைத் திரும்பப் போய்ப் பார்ப்பதுதானே மரியாதை? மறுநாள் டாகேர் மோர்ஸின் தந்திக் கருவியைப் பார்க்கப் போனார். அவர் அங்கே இருக்கும்போது இங்கே டயோராமா தீப்பிடித்து எரிந்து சாம்பலானது. விருந்தோம்பலுக்கு இவ்வளவு விலை கொடுத்தவர் வேறு யாருமில்லை. நல்லவேளையாக அராகோ என்ற விஞ்ஞானி கம் அரசியல்வாதி கைகொடுத்தார். பிரெஞ்சு அரசு கண்டுபிடிப்பை வாங்கி டாகேருக்கு வருஷம் 6,000 பிராங்கும், நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் பென்ஷன் கொடுத்தது. பஸ் இல்லாத படத்துக்கு ஆயுள் பென்ஷன்.

இதில் வயிறெரிந்தவர் இப்போலித் பயார். பாரிஸில் அரசாங்க குமாஸ்தா. ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் காகிதத்திலேயே படம் விழ வைக்கும் ஒரு வழியைத் தனியாகக் கண்டுபிடித்தார். டாகேரின் ரகசியம் ஆகஸ்டில்தான் வெளிவந்தது, பயாரோ ஜூன் மாதமே 30 படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துவிட்டார். ஆனால் அராகோவுக்கு டாகேர் வீட்டுப் பிள்ளை. பயாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, கருவி வாங்க 600 பிராங்க் கொடுத்து அமுக்கிவிட்டார். குமாஸ்தாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. இருந்தாலும் அவர் மனு எழுதவில்லை. 1840இல் சட்டையைக் கழற்றி, இடுப்பில் துணியைச் சுற்றி, கண்ணை மூடிச் சரிந்து உட்கார்ந்து தன்னைத்தானே பிணமாகப் படமெடுத்தார். பின்பக்கத்தில் ஒரு குறிப்பு: இது பயாரின் சடலம், டாகேருக்கு அள்ளிக்கொடுத்த அரசு இவருக்கு ஒன்றும் முடியாது என்றதால் தண்ணீரில் விழுந்துவிட்டார், பல நாளாகப் பிணவறையில் கிடந்தும் யாரும் தேடி வரவில்லை, பார்த்தவர்கள் நகர்ந்து போங்கள், முகமும் கையும் அழுகத் தொடங்கிவிட்டன. உண்மையில் முகமும் கையும் கறுத்திருந்தது வெயிலில் அலைந்ததால். குமாஸ்தா அதற்கப்புறம் 46 வருஷம் சுகமாக இருந்தார்.

எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். பல நிமிட எக்ஸ்போஷருக்கு அசையாமல் உட்கார ஒரே வழி பிணமாக நடிப்பதுதான் என்று கண்டுகொண்டாரே, அப்பத்தா சொன்னதைத்தான் அவர் செய்து காட்டினார்.

பயார் அளவுக்குச் சாமர்த்தியம் எல்லோருக்கும் வருமா? அதனால் ஸ்டுடியோக்காரர்கள் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தார்கள். பின்னால் ஒரு ஸ்டாண்டு, அதன் உச்சியில் ஒரு கவ்வி, அது பின்மண்டையைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்துக் கனவான்களின் முழு உருவப் படம் கிடைத்தால் ஷூவுக்குப் பின்னால் உற்றுப் பாருங்கள், அந்த ஸ்டாண்டின் பாதம் எட்டிப் பார்க்கும். நம் முன்னோர்கள் எல்லாம் ஏன் முறைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கவ்வி. குழந்தைகளுக்குக் கவ்வி போட முடியாது. எனவே தாயாரை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு கால் போர்வையால் மூடி, மடியில் பிள்ளையை வைத்து எடுத்தார்கள். படத்தில் அம்மா சோபா மாதிரி இருப்பார். சில சோபாக்களுக்குக் கை இருக்கும்.

1840இல் ஜோசஃப் பெட்ஸ்வால் என்ற கணித வாத்தியார் வியன்னாவில் ஒரு லென்ஸுக்குக் கணக்குப் போட்டார். அதற்கு உதவிக்கு வந்தவர்கள் பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்த சிப்பாய்கள். அந்த லென்ஸ் வந்த பிறகு நிமிடங்கள் செகண்டுகளாகச் சுருங்கின. மனிதர்கள் முகத்தைக் காட்ட வரிசையில் நின்றார்கள். பீரங்கிக்காரர்கள் உலகத்துக்குச் செய்த நல்ல காரியம் வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

என் சுண்டல் நண்பனுக்கு வருகிறேன். டேவிட் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1856இல் எழுதிய புத்தகத்தில் பேய் செய்ய வழி சொல்லியிருக்கிறார். எக்ஸ்போஷர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவரைச் சில நொடி மட்டும் உள்ளே நிற்க வைத்து விரட்டிவிட வேண்டும், அவர் வழியாகப் பின்னணி தெரியும், அவ்வளவுதான். லண்டன் கம்பெனி ஒன்று இதே வித்தையில் பேய்ப் படங்களை அச்சடித்து விற்றது. அது விளையாட்டு, சொல்லிவிட்டுச் செய்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் ஊர்க்காரர் வில்லியம் மம்லர் சொல்லாமல் செய்தார். உள்நாட்டுப் போரில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்த காலம். அவரிடம் போய் உட்கார்ந்தால் தோளுக்குப் பின்னால் செத்துப்போன உறவுக்காரர் புகையாக நிற்பார். கொஞ்ச நாளில் பாஸ்டன்காரர்கள் சில பேய்களைக் கடைத்தெருவில் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். 1869இல் நியூயார்க்கில் வழக்கு. சர்க்கஸ்காரர் பி. டி. பார்னம் வந்து, இது ஊரை ஏமாற்றும் வேலை என்று சாட்சி சொன்னார். ஏமாற்று வேலையில் அவர் நிபுணர் சாட்சிதான். ஆனாலும் எப்படிச் செய்தார் என்று நிரூபிக்க முடியாமல் மம்லரை விட்டுவிட்டார்கள். பிறகு ஆபிரகாம் லிங்கனின் மனைவியே அவரிடம் வந்து உட்கார்ந்தார். லிங்கன் பின்னால் நின்று தோளில் கை வைத்தபடி வந்திருந்தார். நான் காசு வாங்காமல் ஒரு பேய் செய்தேன், 6 மார்க்.

நம்மூர்ப் பக்கமும் ஒரு எட்டுப் போய்விடலாம். சென்னை மாகாண அரசு லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைப் போட்டோகிராஃபராக நியமித்திருந்தது. 1858இல் அவர் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று மாட்டு வண்டிப் பாரத்தோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 துண்டுகளாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டு அசையாது, எனவே பிரமாதமாக வந்தது. அவருடைய நெகட்டிவ் மெழுகு ஏற்றிய காகிதம், அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும், நேரமும் வேண்டும். மதுரைப் புதுமண்டபத்தின் உள்ளே ஒரு படம் எடுத்திருக்கிறார். தூணும் சிற்பமும் நிழலும். எனக்குத் தெரிந்த காலத்தில் புதுமண்டபத்தில் தையல் மெஷின் சத்தத்தில் பேச்சே கேட்காது. அப்பத்தா தன் ரவிக்கைக்கெல்லாம் அங்கேதான் அளவு கொடுப்பாள், ‘சாயங்காலம் ரெடி’ என்று சொன்ன தையல்காரரோடு மூன்று நாள் சண்டையும் போடுவாள். டிரைப் படத்தில் அந்த இடம் பரீட்சை ஹால் மாதிரி கிடக்கிறது. காற்றில் ஆடும் இலையும் மிதக்கும் மேகமும் சரியாக விழாதபோது நெகட்டிவிலேயே தூரிகையால் தீட்டிவிட்டார். ஆக மேகம் டிரைப்பின் கைவண்ணம். புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன் சிக்கனப் பேர்வழி. வந்தவுடன் இந்தச் செலவு எதற்கு என்று கடையை மூடிவிட்டார்.

இனி நிதானமாக உட்கார்ந்து சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். ஜூலியா மார்கரெட் கேமரன். குடும்பப் பெயரிலேயே கேமரா மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தும் 48 வயது வரை அந்த அம்மாள் கேமராவைத் தொடவில்லை. கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர், கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, இங்கிலாந்தில் ஒயிட் தீவில் குடியிருந்தார். தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று 1863இல் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தத் தீவில் அதற்கப்புறம் யாருக்கும் பொழுது போகவில்லை. கரி போட்டு வைத்த அறை டார்க் ரூம் ஆனது. கோழிக்கூண்டு கண்ணாடி ஸ்டுடியோ ஆனது. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது என்றும், அவற்றை யாரும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள் என்று நம்புவதாகவும் அம்மாளே எழுதியிருக்கிறார்.

முதல் படம் பக்கத்து விவசாயி ஒருவர். மணிக்கு அரை கிரௌன் கூலி கொடுத்து உட்கார வைத்து எடுத்தார். ஈரம் காயாத கண்ணாடித் தகட்டை ஆசையாகக் கையால் தடவிப் பார்த்தார். விவசாயி அழிந்துபோனார். அடுத்து இரண்டு பிள்ளைகளை எடுத்தபோது ஒன்று களுக்கென்று சிரித்துத் தொலைத்தது. பிறகு ஒரே ஒரு சிறுமியை உட்காரவைத்து, கெஞ்சி, மிரட்டி எடுத்ததுதான் 1864 ஜனவரியில் கிடைத்த முதல் வெற்றி. அன்று வீடு முழுக்க ஓடி அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஏதாவது பரிசு கிடைக்குமா என்று தேடினாராம்.

அவருக்குப் பெரிய தகடு வேண்டும், முகம் சட்டம் நிறைய வேண்டும், வெளிச்சம் மட்டும் ஒரு பக்கமிருந்து கசிய வேண்டும். ஆகவே எக்ஸ்போஷர் நிமிடக் கணக்கில் போகும். தலையைப் பிடிக்கும் கவ்வி அவருக்குப் பிடிக்காது. எனவே எல்லோரும் அசைந்தார்கள். லென்ஸைத் திருகிக்கொண்டே வருவார், கண்ணுக்கு அழகாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுவார். அது ஃபோகஸா என்பது அவர் பிரச்சினை இல்லை. போட்டோகிராஃபிப் பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. ஃபோகஸ் இல்லை, தகட்டில் கறை, விரல் ரேகை, கீறல் என்று பட்டியல் போட்டார்கள். எங்கள் சாரின் சிவப்பு மை லண்டனிலிருந்துதான் இறக்குமதி ஆகியிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் கவிஞர் டென்னிசன். அவரும் தப்பவில்லை. தன் படத்தைப் பார்த்து ‘அழுக்குச் சாமியார்’ என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவை அம்மாளிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, சொன்னபடி கேளுங்கள், மிச்சம் மீதி இருப்பதை நான் பிறகு வந்து பார்க்கிறேன் என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போனாராம். ‘போட்டோகிராஃபி’ என்ற சொல்லை 1839இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், படம் அழியாமலிருக்க ஹைப்போவைக் கண்டு சொன்னவர் ஜான் ஹெர்ஷல். அப்பேர்ப்பட்ட விஞ்ஞானியை 1867இல் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னார் அம்மாள், முடி புஸ்ஸென்று நிற்க வேண்டுமாம். நின்றது. அந்தப் படத்தில் ஹெர்ஷல் அப்போதுதான் இடி விழுந்து பிழைத்த ரிஷி மாதிரி இருக்கிறார். அதைவிட நல்ல ஹெர்ஷல் படம் எனக்குத் தெரிந்து இல்லை.

1875இல் கணவரோடு இலங்கைக்குப் போனார், அவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. மூட்டை முடிச்சோடு ஒரு பசுமாடும் இரண்டு சவப்பெட்டிகளும் போயின என்று சொல்வார்கள், அந்த ஊரில் நல்ல சவப்பெட்டி கிடைக்காவிட்டால்? களுத்துறையில் பார்க்கப் போன ஓவியர் மரியான் நார்த்தைச் சும்மா விடவில்லை. கம்பளித் துணியைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னை ஓலை தலையில் குத்த, உச்சி வெயிலில், 96 டிகிரிச் சூட்டில் நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். ஓர் ஆளின் முதுகு ரொம்ப அழகாக இருக்கிறது என்று மகனிடம் சொல்லி அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்தார். வீட்டில் தோட்டம் கிடையாது. அந்த ஊர்க் கூலிக்காரர்களையும் அந்தப் பெரிய தகட்டில் எடுத்தார். லண்டன் மேதைகளுக்குக் காட்டிய அதே அக்கறையில் சட்டம் நிறைய எடுத்தார், ஆனால் பெயர் மட்டும் எழுதி வைக்கவில்லை. 1879இல் இலங்கையிலேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார்.

அசைவுக்கு வருவோம். எட்வர்ட் மகரிட்ஜ் என்று இங்கிலாந்தில் 1830இல் ஒருவர் பிறந்தார். கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்து ஈட்வேர்ட் மைப்ரிட்ஜ் ஆனார். நடுவில் இன்னும் இரண்டு மூன்று ஸ்பெல்லிங் உண்டு. படங்களில் ‘ஹீலியோஸ்’, அதாவது சூரியன், என்று கையெழுத்து வேறு. இந்த மனிதரின் பெயரே ஃபோகஸில் நின்றதில்லை. 1860இல் கோச்சு வண்டி கவிழ்ந்து தலையில் பலத்த அடி. அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டார் என்று சிநேகிதர்கள் பின்னால் கோர்ட்டில் சொன்னார்கள். கோர்ட்டுக்கு ஏன் போனார் என்று கேட்கிறீர்களா? பொறுங்கள்.

கலிஃபோர்னியாவின் முன்னாள் கவர்னரும் ரயில்வே முதலாளியுமான லேலண்ட் ஸ்டான்ஃபர்டுக்குக் குதிரைப் பைத்தியம். ஓடும்போது குதிரையின் நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விடுமா என்று தெரிய வேண்டும். 25,000 டாலர் பந்தயம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், ஆதாரம் எதிலும் இருக்காது. 1872இல் மைப்ரிட்ஜைக் கூப்பிட்டார். கிடைத்ததெல்லாம் நிழல் மாதிரி ஒரு குதிரை. அதற்குள் வேறொரு படம் கண்ணில் பட்டது. தன் பிள்ளை என்று நினைத்திருந்த குழந்தையின் போட்டோ. திருப்பினால் பின்னால் மனைவியின் கையெழுத்தில் ‘குட்டி ஹாரி’. ஹாரி லார்கின்ஸ் என்பவர் குடும்ப நண்பர். 1874 அக்டோபரில் மைப்ரிட்ஜ் அவரைத் தேடிப் போய்ச் சுட்டுக் கொன்றார். தலையில் அடிபட்டவர், புத்தி சரியில்லை என்று வக்கீல் வாதாடினார். ஜூரி அதை ஏற்கவில்லை, புத்தி சரியாகத்தான் இருக்கிறது, செய்ததும் நியாயம்தான் என்று விடுதலை செய்துவிட்டது. ஜூரியில் பன்னிரண்டும் ஆண்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த மனைவி பாவம், 1875இல் நோயில் விழுந்து இறந்துபோனார். பிள்ளை அநாதை விடுதிக்குப் போனது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, தாண்டிப் போகிறேன்.

பன்னிரண்டு பேர் உயிர் கொடுத்தார்கள், பன்னிரண்டு கேமராக்கள் புகழ் கொடுத்தன. 1878 ஜூனில் பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபர்டின் பண்ணையில் வரிசையாகக் கேமராக்களை வைத்து, குறுக்கே நூல் கட்டி, குதிரை ஓடி நூலை அறுக்க அறுக்க ஷட்டர் விழும்படி செய்தார். வந்திருந்த பத்திரிகைக்காரர்களுக்கு எதிரிலேயே தகட்டைக் கழுவிக் காட்டினார். நாலு காலும் அந்தரத்தில்தான் இருந்தன. ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்தபடி முன்னும் பின்னும் விரித்துக்கொண்டு அல்ல, வயிற்றுக்கடியில் கூட்டிக் கட்டிக்கொண்டு. குதிரைக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு ஓடியது. 1882இல் ஸ்டான்ஃபர்ட் இதைப் புத்தகமாக்கினார், மைப்ரிட்ஜ் பெயர் முதல் பக்கத்தில் இல்லை. வழக்குப் போட்டார், தோற்றார். கொலை வழக்கில் ஜெயித்துப் புத்தக வழக்கில் தோற்ற கலைஞர் இவர்.

பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 781 தகடுகள். நடக்கும் மனிதர், குளிக்கும் பெண், ஓடும் ஒட்டகம், பிறந்த மேனிக்குக் குந்தாலி வீசும் ஒரு தாடிக்காரர். தாடிக்காரர் மைப்ரிட்ஜேதான். 781ஆவது தகடு, வெடி போட்டதும் சிதறி ஓடும் கோழிகள். கேமரன் அம்மாளிடம் வீட்டை இழந்தது போதாதென்று போட்டோகிராஃபி வரலாற்றில் கோழிகளுக்கு இப்படியும் நேர்ந்தது.

இவ்வளவு துல்லியத்தைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள், சிற்பி ரோதானைத் தவிர. நிஜத்தில் காலம் நிற்பதே இல்லை, அதை நிறுத்திக் காட்டும் போட்டோதான் பொய் என்பது அவர் கட்சி. இத்தாலியில் பிரகாலியா என்ற இளைஞர் 1911வாக்கில் தம்பியோடு சேர்ந்து இதைச் செய்தே காட்டினார். டைப் அடிக்கும் பெண்ணின் விரல்கள், செலோ வாசிப்பவரின் கை, எல்லாவற்றையும் ஷட்டரைத் திறந்து வைத்து ஓட விட்டு எடுத்தார். விரல் நின்றால் அது டைப் அடிப்பதாகாது என்றார். வேகமே கடவுள் என்று முழங்கிக்கொண்டிருந்த எதிர்காலவாத ஓவியர்கள் கொண்டாடியிருக்க வேண்டும். 1913இல் அவர்களோ இவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பத்திரிகையில் அறிவிப்பே கொடுத்துவிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அப்பத்தாவின் மூன்று வாய்தான் ஞாபகம் வருகிறது. அவள் நாலு செகண்டில் வெற்றிலை மென்றாள், என்னைத் திட்டினாள், சிரித்தாள். மூன்று வேலைக்கு மூன்று வாய். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

சார், நீங்கள் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு விண்ணப்பம். டாகேரை உத்தேசித்துப் பஸ்ஸுக்கு 2, புரூஸ்டரை உத்தேசித்துச் சுண்டலுக்கு 2, கேமரன் அம்மாளையும் பிரகாலியாவையும் உத்தேசித்து அப்பத்தாவுக்கு 3. ஆக மொத்தம் 7 மார்க் கூட்டிப் போட்டால் 24 ஆகிவிடும். மறுமதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று சொன்னால் கட்டிவிடுகிறேன். முருகனுக்குப் போட்ட 4 அப்படியே இருக்கட்டும்.